மூளைக்கட்டியும் மூலக்கூற்றுக் குறிகாட்டிகளும்: ஒரு ரிப்போட்டை வாசித்தல்

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு என் தங்கச்சியின் மூத்த மகன் போனில் ஒரு படம் அனுப்பினான். அவனுடைய வாப்பாவுக்கு, அதாவது என் மச்சானுக்கு, தலையில் ஒபரேஷன் செய்து மூன்று கிழமை ஆகியிருந்தது. எடுத்த கட்டியைச் சோதித்துக் கொடுத்த ரிப்போட்தான் அந்தப் படம். நான் வாசித்து முடிக்க முன்னமே அழைப்பு வந்துவிட்டது.

"மாமா, கிளையோபிளாஸ்டோமா, ஐ.டி.எச். வைல்ட்-டைப், எம்.ஜி.எம்.ரி. மெதிலேட்டட் எண்டு கிடக்கு. வைல்ட் எண்டா காட்டுத்தனமான கட்டியா?"

பக்கத்தில் நின்ற தங்கச்சி போனை வாங்கினாள். "காக்கா, மறைக்காமச் சொல்லுங்க. எத்தின மாசம்?"

இரண்டு நாள் கழித்து அவள் தனியாக எடுத்தாள். "பரம்பரை அலகு பழுதாம் எண்டு மகன் சொல்றான். மகள்ட கலியாணப் பேச்சும் நடக்குது. இது புள்ளையளுக்கும் வருமா காக்கா?"

நான் வைத்தியன் அல்ல. 31 வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வைத்தியர்கள் சொன்னதைக் கேட்டும், கிடைத்த ஆய்வுகளை வாசித்தும் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடினேன். தேடும்போதுதான் நாங்கள் யாரும் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருப்பது விளங்கியது. அந்த ரிப்போட்டில் மிகவும் பயனுள்ள செய்தி அந்தக் கேள்விக்குரியதாகவே இருந்தது. இப்படி ஒரு கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் குடும்பங்கள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கண்ணால் பார்த்த காலம்

மூளைக்கட்டிகளை ஒழுங்காக வகைப்படுத்தும் வேலையை 1926இல் அமெரிக்காவில் பேர்சிவல் பெய்லி, ஹார்வி குஷிங் என்ற இருவர் ஒரு நூலாகச் செய்தார்கள். குஷிங் மூளைச் சத்திரசிகிச்சையின் முன்னோடி. கட்டியின் இழையத்தை மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, கலங்கள் எந்தச் சாயலில் இருக்கின்றன என்று பிரித்தார்கள். பெயர் வைப்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. எந்த வகைக் கட்டிக்காரர் எவ்வளவு காலம் இருந்தார் என்பதையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். ஆக, 'இனி என்ன நடக்கும்' என்ற கேள்வி வகைப்படுத்தலோடு கூடவே பிறந்தது.

அதற்குப் பின் ஏறத்தாழ 90 வருடம் நுணுக்குக்காட்டியே தீர்ப்புச் சொன்னது. கட்டிகளுக்கு 1 முதல் 4 வரை தரம் கொடுத்தார்கள். 1 மெதுவானது, 4 வேகமானது. ஆனால் ஒரே சீவலைப் பார்த்த இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. ஒரே பெயரும் ஒரே தரமும் பெற்ற இரண்டு நோயாளிகளில் ஒருவர் ஒரு வருடத்தில் காலமானார், மற்றவர் எட்டு வருடம் நடமாடினார். ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மச்சான் வயல் செய்கிறவர். அவருக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு நெல்தான் கைகொடுத்தது. முளைத்து இருபது நாளில் வட்டைக்குள் நின்று பார்த்தால் எல்லாப் பயிரும் ஒரே பச்சைதான். ஆனால் விதைநெல் மூட்டையில் பி.ஜி. 300 என்றிருந்தால் 3 மாதத்து நெல், பி.ஜி. 352 என்றிருந்தால் 3½ மாதத்து நெல் என்று அவருக்குத் தெரியும். பார்வைக்கு ஒன்றாக இருப்பது உள்ளுக்குள் ஒன்றல்ல. மூட்டையின் இலக்கம் போன்றதுதான் மூலக்கூற்றுக் குறிகாட்டி. கட்டிக் கலத்தின் டி.என்.ஏ.யிலோ புரதத்திலோ இருக்கும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை வைத்து, அது எந்த இனம் என்று சொல்வது.

முதலாவது கேள்வி: 'வைல்ட்' என்றால் என்ன?

2008இல் அமெரிக்காவின் பால்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 கிளையோபிளாஸ்டோமாக் கட்டிகளில் 20,000க்கும் அதிகமான பரம்பரை அலகுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அப்போது யாரும் எதிர்பார்க்காத ஓர் அலகில் விகாரம் தென்பட்டது. அதுதான் ஐ.டி.எச்.1.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குக் கிரெப்ஸ் வட்டம் ஞாபகம் இருக்கும். அங்கே ஐசோசித்திரேற்றை மாற்றுகிற நொதியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. கலத்தின் அன்றாடச் சமையலறையில் வேலை செய்யும் சாதாரண நொதியம். புற்றுநோயோடு இதற்கு என்ன சம்பந்தம் என்றே எவரும் அதுவரை நினைத்ததில்லை. 414 அமினோ அமிலங்கள் கோத்த இந்தப் புரதச் சங்கிலியில் 132ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்கவேண்டும். சில கட்டிகளில் அந்த இடத்தில் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரிப்போட்டுகளில் 'ஆர்132எச்' என்று எழுதுவது இதைத்தான். இந்த ஓர் எழுத்துப் பிழையால் நொதியம் தன் பழைய வேலையை விட்டுவிட்டு வேறொரு பொருளைச் செய்யத் தொடங்குகிறது. அதன் பெயர் 2-ஹைட்ரொக்சிகுளூட்டரேட். அது கலத்துக்குள் குவிந்து, எந்தப் பரம்பரை அலகு இயங்கவேண்டும், எது ஓய்ந்திருக்கவேண்டும் என்ற ஒழுங்கைக் குழப்பிவிடுகிறது.

கட்டி உண்டாவதற்கே இந்தக் குழப்பம் காரணமாகிறது. ஆனால் இப்படி உண்டாகும் கட்டி மெதுவாக வளர்கிறது. 2009இல் வெளியான ஆய்வில், தரம் 4 கிளையோபிளாஸ்டோமா உள்ளவர்களில் ஐ.டி.எச். விகாரம் இருந்தோரின் இடைய ஆயுள் 31 மாதம், இல்லாதோருக்கு 15 மாதம். தரம் 3 அஸ்ட்ரோசைட்டோமாவில் விகாரம் இருந்தோருக்கு 65 மாதம், இல்லாதோருக்கு 20 மாதம். இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுணுக்குக்காட்டியில் 'மோசம்' என்று தரம் 4 வாங்கிய, ஆனால் விகாரமுள்ள கட்டிக்காரர் 31 மாதம். 'கொஞ்சம் பரவாயில்லை' என்று தரம் 3 வாங்கிய, விகாரமில்லாத கட்டிக்காரர் 20 மாதம். கண்ணுக்குத் தெரிந்த தரத்தை, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து முந்திவிட்டது.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். விஞ்ஞானத்தில் 'வைல்ட்-டைப்' என்றால் மூர்க்கமானது என்று கருத்தல்ல. இயற்கையில் உள்ளபடியே மாறாமல் இருப்பது என்றுதான் கருத்து. ஐ.டி.எச். வைல்ட்-டைப் என்றால் அந்த நொதியத்தில் விகாரம் இல்லை. பாடப்புத்தகத்தில் 'விகாரம் இல்லை' என்பது நல்ல செய்தி. இங்கே அது தலைகீழ். அவன் சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டான், ஆனால் பயந்ததில் பிழை இல்லை. அதை நான் அவனிடம் மறைக்கவில்லை.

இதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்படுத்தலையே மாற்றியது. 2016இல் மூலக்கூற்றுச் சோதனைகள் முதன்முறையாகப் பெயருக்குள்ளேயே நுழைந்தன. 2021இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, வளர்ந்தோரில் பரவி வளரும் கிளையோமாக்கள் மூன்று பெரிய வகைகள். ஐ.டி.எச். விகாரம் இல்லாத கிளையோபிளாஸ்டோமா ஒன்று. ஐ.டி.எச். விகாரமுள்ள அஸ்ட்ரோசைட்டோமா இரண்டாவது. மூன்றாவது ஒலிகோடென்ட்ரோகிளையோமா. இதில் ஐ.டி.எச். விகாரத்தோடு 1ஆம் நிறமூர்த்தத்தின் குறும்புயமும் 19ஆம் நிறமூர்த்தத்தின் நெடும்புயமும் சேர்ந்தே தொலைந்திருக்கும். ரிப்போட்டில் '1பி/19கியூ கோடிலீஷன்' என்று வருவது அதுதான். நுணுக்குக்காட்டியில் சாதுவாகத் தெரிந்தாலும், ஐ.டி.எச். மாறாமல் இருந்து, ரி.ஈ.ஆர்.ரி. ஆளியில் விகாரமோ, ஈ.ஜி.எஃப்.ஆர். பெருக்கமோ, 7ஆம் நிறமூர்த்தம் கூடி 10ஆம் நிறமூர்த்தம் குறைந்த நிலையோ இருந்தால் அதை இப்போது கிளையோபிளாஸ்டோமா என்றே எடுக்கிறார்கள். அதேபோல, ஐ.டி.எச். விகாரமுள்ள அஸ்ட்ரோசைட்டோமாவில் சி.டி.கே.என்.2ஏ/பி என்ற அலகு இரண்டு பிரதியிலும் தொலைந்திருந்தால், தோற்றம் எப்படியிருந்தாலும் தரம் 4.

இரண்டாவது கேள்வி: எத்தனை மாதம்?

தங்கச்சி கேட்ட கேள்விக்கு மருமகன் இணையத்தில் ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருந்தான். கிளையோபிளாஸ்டோமாவுக்கு 14.6 மாதம். அந்த எண் பொய்யல்ல. 2005இல் வெளியான, 573 நோயாளிகள் பங்குபற்றிய பெரிய ஆய்வில் கதிர்வீச்சோடு டெமோசொலமைட் மாத்திரையும் எடுத்தவர்களின் இடைய ஆயுள் அது. கதிர்வீச்சு மட்டும் எடுத்தவர்களுக்கு 12.1 மாதம். இதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் இன்னொரு பேச்சும் எழும்பியது. "ரெண்டரை மாசத்துக்காக மனிசனக் கொழும்புக்கும் ஊருக்குமா அலைக்கழிக்கணுமா காக்கா? வீட்டிலயே வெச்சுப் பார்ப்பமே."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, இடையம் என்பதை நாம் பிழையாக வாசிக்கிறோம். சாதாரண தரக் கணிதத்தில் இடையம் எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் உள்ளதைத் தொடுவார்கள். 14.6 மாதம் என்றால் பாதிப்பேர் அதற்கு முன்பும் பாதிப்பேர் அதற்குப் பின்பும் இறந்தார்கள் என்பதே பொருள். 'எல்லோரும் 14.6 மாதத்தில்' என்பதல்ல. அந்தப் பின்பாதி எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை இடையம் சொல்லவே சொல்லாது. அதே ஆய்வில் இரண்டு வருடத்தில் உயிரோடிருந்தவர்களைப் பார்த்தால், மாத்திரையும் எடுத்தோரில் 26.5 சதவீதம், கதிர்வீச்சு மட்டும் எடுத்தோரில் 10.4 சதவீதம். நடுவில் இரண்டரை மாத வித்தியாசம்தான். ஆனால் இரண்டு வருட வாசலைத் தாண்டியவர்கள் இரண்டரை மடங்கு.

கூர்ப்பியல் அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுறையில் வரும் ஓர் அரிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. நூல்களில் அதற்கு இடைய ஆயுள் 8 மாதம் என்றிருந்தது. புள்ளிவிபரம் தெரிந்தவர் என்பதால், தான் அந்த வரிசையில் எங்கே நிற்கக்கூடும் என்று அவர் யோசித்தார். வயது குறைவு, நோய் முந்திக் கண்டுபிடிக்கப்பட்டது, நல்ல சிகிச்சை கிடைக்கிறது. இன்னும் 20 வருடம் வாழ்ந்து 2002இல்தான் காலமானார், அதுவும் வேறொரு புற்றுநோயால். எல்லோரும் கூல்டு ஆகமுடியாது. ஆனால் இடையத்தைத் தீர்ப்பாக எடுக்கக்கூடாது என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

இரண்டாவது ஓட்டைதான் முக்கியமானது. அந்த 573 பேரும் ஒரே இனம் அல்ல. 3 மாத நெல்லையும் 4 மாத நெல்லையும் கலந்து விதைத்துவிட்டுச் சராசரி அறுவடை நாளைக் கேட்பது போன்றது 14.6 என்ற எண். கலவையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்கு வழி ரிப்போட்டின் மூன்றாவது சொல்லில் இருந்தது.

கேட்காத கேள்வி: எந்த மருந்து வேலை செய்யும்?

டெமோசொலமைட் எப்படிக் கட்டியைக் கொல்கிறது என்று முதலில் பார்ப்போம். மாத்திரை உடலுக்குள் போய் உடைந்து, கலத்தின் டி.என்.ஏ.யில் உள்ள குவானின் என்ற எழுத்தின்மேல் மெதயில் என்ற சிறு இரசாயனக் கூட்டத்தை ஒட்டிவிடுகிறது. அந்த எழுத்தைக் கலம் பிழையாக வாசிக்கிறது. பிரியும்போது டி.என்.ஏ. உடைந்து கலம் சாகிறது.

ஆனால் நம் கலங்களில் இப்படி ஒட்டியதைக் கழற்றுவதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. எம்.ஜி.எம்.ரி. என்பது அதுதான். ஒட்டிய கூட்டத்தைத் தன்மேல் எடுத்துக்கொண்டு தானும் செயலிழந்துவிடும். ஒரு மூலக்கூறு ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும். சாதாரண கலத்துக்கு இது பாதுகாப்பு. கட்டிக் கலத்திடமும் இதே பாதுகாப்பு இருந்தால் மருந்து போட்ட சேதத்தை அது திருத்திக்கொண்டு தப்பிவிடும்.

சில கட்டிகளில் இந்தப் புரதத்தைச் செய்யும் பரம்பரை அலகின் ஆளி அடைபட்டிருக்கிறது. அதை அடைப்பதும் மெதயில் கூட்டங்கள்தான். ஆனால் மருந்து ஒட்டியவை அல்ல, கட்டி வளரும்போது அதற்குள்ளேயே வந்து படிந்தவை. ஆளி அடைபட்டால் புரதம் உண்டாகாது. திருத்துவதற்கு ஆளில்லை, மருந்து வேலை செய்கிறது. 'எம்.ஜி.எம்.ரி. மெதிலேட்டட்' என்பதன் பொருள் இவ்வளவுதான்: இந்தக் கட்டியின் திருத்துநர் தூங்குகிறார்.

சுவிட்சர்லாந்தின் லௌசான் நகரைச் சேர்ந்த மோனிகா ஹெகியும் அவருடைய சகாக்களும் முன்சொன்ன அதே ஆய்விலிருந்து 206 பேரின் கட்டிகளை இந்தச் சோதனைக்கு உட்படுத்தி 2005இல் முடிவை வெளியிட்டார்கள். 45 சதவீதத்தினரின் கட்டியில் ஆளி அடைபட்டிருந்தது. அவர்களில் கதிர்வீச்சோடு மாத்திரையும் எடுத்தோரின் இடைய ஆயுள் 21.7 மாதம். இரண்டு வருடத்தில் 46 சதவீதத்தினர் உயிரோடிருந்தனர். ஆளி அடைபடாதவர்களில் மாத்திரையும் எடுத்தோருக்கு 12.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் எடுத்தோருக்கு 11.8 மாதம். வித்தியாசம் ஒரு மாதத்துக்கும் குறைவு.

மச்சானின் ரிப்போட்டில் இருந்தது 'மெதிலேட்டட்'. தங்கச்சி ரெண்டரை மாசம் என்று போட்ட கணக்கு அவருக்குரிய கணக்கல்ல. அவர் நிற்கும் வரிசை வேறு.

இங்கேதான் ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சில குறிகாட்டிகள் நோயின் போக்கைச் சொல்கின்றன. என்ன செய்தாலும் இந்த இனம் மெதுவானது, இந்த இனம் வேகமானது என்று. சில குறிகாட்டிகள் இந்த மருந்து இந்தக் கட்டியில் பலிக்குமா என்று சொல்கின்றன. முதலாவது வகையைக் கேட்டு நாம் அழலாம் அல்லது ஆறுதல் அடையலாம். இரண்டாவது வகையைக் கேட்டுத்தான் முடிவெடுக்கலாம். குடும்பங்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகின்றன.

வயதானவர்களில் இது இன்னும் தெளிவு. 2012இல் ஐரோப்பாவில் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஒன்று 60 வயதுக்கு மேற்பட்டோரையும் மற்றது 65 வயதுக்கு மேற்பட்டோரையும் எடுத்தது. மாத்திரை மட்டும் போதுமா, கதிர்வீச்சு மட்டும் போதுமா என்பதே கேள்வி. ஆளி அடைபட்டோருக்கு மாத்திரை நல்ல பலன் கொடுத்தது. அடைபடாதோருக்கு மாத்திரையை மட்டும் கொடுப்பது நல்ல தெரிவாக இருக்கவில்லை. பலவீனமான ஒரு மூத்தவருக்கு இரண்டையும் தாங்கமுடியாது என்றால் எதைத் தெரிவது என்பதற்கு அந்த ஒரு சொல் வழிகாட்டுகிறது.

1பி/19கியூ இழப்பும் இப்படித்தான். தரம் 3 ஒலிகோடென்ட்ரோகிளையோமா வகைக் கட்டிகளுக்குக் கதிர்வீச்சு மட்டுமா, அதோடு பி.சி.வி. என்ற மூன்று மருந்துக் கூட்டுமா என்று வட அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2006இல் பார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. விடாமல் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். இழப்பு இருந்தவர்களில் மருந்தும் எடுத்தோருக்கு இடைய ஆயுள் 14.7 வருடம், கதிர்வீச்சு மட்டும் எடுத்தோருக்கு 7.3 வருடம். இழப்பு இல்லாதோரில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான், மூன்று வருடத்துக்கும் குறைவு. அதே மருந்து ஒரு சாராருக்கு ஆயுளை இரட்டிப்பாக்கியது, மறு சாராருக்கு எதையும் கூட்டவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போனால் குறிகாட்டியே மருந்தின் இலக்காகிவிடுகிறது. ஐ.டி.எச். விகாரமுள்ள நொதியத்தையே அடக்கும் வொராசிடெனிப் என்ற மாத்திரையை 331 நோயாளிகளில் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். தரம் 2 கட்டிக்கு ஒபரேஷன் மட்டும் செய்திருந்தவர்கள் அவர்கள். நோய் மறுபடி முன்னேறும் வரையிலான இடையக் காலம் மருந்தில்லாதவர்களில் 11.1 மாதம், மருந்து எடுத்தவர்களில் 27.7 மாதம். 2024 ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 2008இல் ஓர் எழுத்துப் பிழையாகக் கண்டது 16 வருடத்தில் மாத்திரையாகியிருக்கிறது.

பிள்ளைகளிலும் இதே கதைதான். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவை இப்போது மூலக்கூற்று அடிப்படையில் நான்கு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். அதில் 'டபிள்யூ.என்.ரி.' பிரிவுப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிர் பிழைக்கிறார்கள். அவர்களுக்குக் கதிர்வீச்சின் அளவைக் குறைத்து, வளரும் மூளையைக் காப்பாற்ற முடியுமா என்று ஆராய்கிறார்கள். குறிகாட்டி சிலவேளை 'கூடக் கொடு' என்கிறது, சிலவேளை 'போதும், குறை' என்கிறது.

மூன்றாவது கேள்வி: பிள்ளைகளுக்கும் வருமா?

தங்கச்சியின் இந்தப் பயத்துக்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். 'ஜீன்' என்பதை நாங்கள் 'பரம்பரை அலகு' என்று படிப்பித்தோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பரம்பரை வியாதி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ரிப்போட்டில் சொல்லும் விகாரங்கள் மச்சானின் உம்மா வாப்பாவிடமிருந்து வந்தவை அல்ல, அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தவையும் அல்ல. அவருடைய மூளையின் ஏதோ ஒரு கலத்தில், வாழ்நாளின் நடுவில் தோன்றியவை. கட்டிக்குள் இருக்கின்றன, இரத்தத்தில் எடுக்கும் சாதாரண கலத்தில் இல்லை. விதைநெல்லில் வந்த நோயல்ல, நின்ற பயிரில் ஒன்றில் விழுந்த நோய்.

லி-ஃப்ரோமெனி, நியூரோஃபைப்ரோமடோசிஸ் போன்ற சில அரிய பரம்பரை நிலைகளில் மூளைக்கட்டி குடும்பத்தில் திரும்பத் திரும்ப வருவதுண்டு. ஒரு குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே பலவிதப் புற்றுநோய்கள் வந்திருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். மற்றப்படி ஒருவரின் மூளைக்கட்டியைக் காட்டி அவருடைய மகளின் கலியாணப் பேச்சை நிறுத்துவதற்கு விஞ்ஞானத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. இதை மாப்பிள்ளை வீட்டாருக்கும் நானே போய்ச் சொன்னேன்.

குறிகாட்டிகள் சொல்லாதவை

இவ்வளவு சொன்னபிறகு எல்லையையும் சொல்லவேண்டும். குறிகாட்டி ஒருவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று சொல்லும், வரிசையில் எத்தனையாம் ஆள் என்று சொல்லாது. ஹயாத்தின் அளவு எந்த ஆய்வுகூடத்துக்கும் தெரிந்த சங்கதி அல்ல. வயது, ஒபரேஷனில் எவ்வளவு கட்டி எடுபட்டது, நோயாளி எழும்பி நடமாடுகிறாரா என்பவையும் கணக்கில் சேரும். மெதிலேஷன் சோதனை எப்போதும் 'ஆம், இல்லை' என்று துல்லியமாக வராது, எல்லைக்கோட்டில் நிற்பவையும் உண்டு. ஆளி அடைபடாதவர்களிலும் மாத்திரை எடுத்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேர் அளவில் இரண்டு வருடத்தைத் தாண்டினார்கள். ஆகவே 'மெதிலேட்டட் இல்லை' என்பது 'சிகிச்சை வேண்டாம்' என்ற உத்தரவல்ல.

ரிப்போட் கையில் கிடைத்த குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். கட்டியின் பெயரோடும் தரத்தோடும் திரும்பி வராதீர்கள். ஐ.டி.எச். பார்த்ததா, எம்.ஜி.எம்.ரி. பார்த்ததா, இந்த வகைக்கு 1பி/19கியூ பார்க்க வேண்டுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆர்132எச் விகாரத்தைச் சாயமேற்றும் முறையிலேயே பார்க்கலாம், அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. 55 வயதைத் தாண்டிய ஒருவரின் கட்டி கிளையோபிளாஸ்டோமாவுக்குரிய தோற்றத்தோடு இருந்து, அந்தச் சாயச் சோதனையில் விகாரம் இல்லையென்று வந்தால், முன்னர் தரம் குறைந்த கட்டி இருந்ததில்லை என்றால், மேலதிக ஐ.டி.எச். சோதனைக்குக் காசு செலவழிக்கும் தேவை பெரும்பாலும் இல்லை. எதைச் சோதிக்கவேண்டும் என்று கேட்பதைப் போலவே எதைச் சோதிக்கத் தேவையில்லை என்று கேட்பதும் நியாயம்தான். ஒவ்வொரு சோதனைக்கும் 'இதன் முடிவு வந்தால் சிகிச்சையில் எது மாறும்?' என்று கேளுங்கள். எதுவும் மாறாது என்றால் யோசிக்கலாம்.

இன்னொன்று. வெட்டியெடுத்த இழையத்தை ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்துக் கட்டியாக வைத்திருப்பார்கள். பிறகு ஒரு சோதனை தேவைப்பட்டால் தலையை மறுபடி திறக்கவேண்டியதில்லை, அந்த மெழுகுக்கட்டி போதும். அது எங்கே இருக்கிறது, இலக்கம் என்ன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு எம்.ஜி.எம்.ரி. முடிவு அப்படி வெளி ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பித்தான் கிடைத்தது.

மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்வதா என்று வீட்டில் ஒரு கிழமை வாதம் நடந்தது. கடைசியில் அவரே கேட்டார். "மூட்டையில என்ன நம்பர் மச்சான்?" நான் ஒளிக்காமல் சொன்னேன். முதல் சொல்லும் இரண்டாவது சொல்லும் நல்லதல்ல, மூன்றாவது சொல் நல்லது. அந்த மாத்திரை உங்களுக்குப் பலிக்கிற பக்கம்தான். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கொழும்புக்குப் போவம்" என்றார்.

ஆறு கிழமை கதிர்வீச்சும் மாத்திரையும், பிறகு மாதத்துக்கு ஐந்து நாள் மாத்திரையும் எடுத்தார். மகளின் கலியாணத்தை அவசரப்படுத்தவில்லை, பேசிய நாளிலேயே நடந்தது. குத்தகைக் கணக்குகளை முதல் வருடத்திலேயே தீர்த்து மகனிடம் ஒப்படைத்தார், பிற்பாடு மறதி வரலாம் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால். இரண்டு பெரும்போகத்துக்கு வட்டையில் நின்றார். 26ஆம் மாதம் காலமானார்.

இடையம் 21.7. அவர் இருந்தது 26. இந்த வித்தியாசத்தை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை, 16 மாதத்தில் போயிருந்தாலும் அதே எண்களுக்குள்தான் இருந்திருப்பார். தங்கச்சி ஒருநாள் சொன்னாள்: "ரெண்டரை மாசத்துக்கு ஏன் எண்டு கேட்டன் காக்கா. கொண்டு போகாம இருந்திருந்தா அத நினைச்சு நினைச்சே நான் செத்திருப்பன்." அந்த வீட்டில் ரிப்போட்டின் மூன்றாவது சொல்லை யாராவது வாசித்துச் சொன்னது இதற்காகவாவது பயன்பட்டது.